செய்யூர்க் கரையோரமும் நுண்ணலை உணரிகளும்: செயற்கைக்கோள் சூழல் தரவுச் சரிபார்ப்பின் வரலாறு

ஆய்வுச் சுருக்கம்

மேகத்தையும் இருளையும் கடந்து புவியை அளக்கும் நுண்ணலை உணரிகள் 1979ஆம் ஆண்டு பாஸ்கரா-1 செயற்கைக்கோளின் வழி இந்தியப் பயன்பாட்டுக்கு வந்தன. அவற்றை ஏவிய வரலாறு பலராலும் எழுதப்பட்டுள்ளது. அவை அனுப்பிய எண்கள் எவ்வாறு பதப்படுத்தப்பட்டன, எவற்றோடு ஒப்பிட்டுச் சரிபார்க்கப்பட்டன என்னும் வரலாறு தமிழில் போதிய கவனம் பெறவில்லை. செங்கல்பட்டு மாவட்டச் செய்யூர்க் கரையோரத்தைக் களமாகக் கொண்டு அவ்வரலாற்றை இக்கட்டுரை ஆராய்கிறது. கடல், கழி, உப்பளம், ஏரி, வயல் ஆகியன சில கிலோமீட்டருக்குள் மாறிமாறி அமைந்த இத்தகைய கரையில்தான் நுண்ணலைத் தரவு மிகுதியாகத் தடுமாறுகிறது என்பதும், அத்தடுமாற்றத்தைக் காட்டிக்கொடுப்பவை மிதவையும் மழைமானியும் வயலாய்வுமே என்பதும் இக்கட்டுரையின் கருதுகோள்.

திறவுச்சொற்கள்: நுண்ணலை உணரி, ஒளிர்வு வெப்பநிலை, அளவுத்திருத்தம், சரிபார்ப்பு, மிதவை, மழைமானி, செய்யூர், இடைக்கழிநாடு.

1. களம்

செய்யூர் வட்டம் செங்கல்பட்டு மாவட்டத்தின் தென்கிழக்கில் அமைந்துள்ளது. 2019 நவம்பரில் புதிய மாவட்டம் உருவாகும் வரை அது காஞ்சிபுரம் மாவட்டத்தில் இருந்தது. ஆகவே பழைய மழைப்பட்டியல்களில் இவ்வூரைத் தேடுவோர் காஞ்சிபுரத்தின் கீழ்ப் பார்க்க வேண்டும். ஆங்கில எழுத்தில் எழுதும்போது திருவண்ணாமலை மாவட்டத்துச் செய்யாற்றுக்கும் இவ்வூருக்கும் ஓரெழுத்தே வேறுபாடு. சிறு செய்தியாகத் தோன்றினும், நிலையப் பெயரைக் கொண்டு தரவுகளை இணைக்கும் ஆய்வாளருக்கு இது சிறு செய்தியன்று. கடற்கரை ஊர் ஒன்றின் மழை, உள்நாட்டு ஊர் ஒன்றின் கணக்கில் ஏறிவிடக்கூடும்.

வட்டத்தின் மேற்குப் பகுதியில் ஏரிப்பாசன நெல்வயல்கள் உள்ளன. கிழக்கே வரவர உப்பளப் பாத்திகள், அவற்றை அடுத்து உப்பங்கழி, அதன் பின் மணல்மேடு, இறுதியில் வங்கக்கடல். முதலியார்குப்பம் படகுத்துறையில் காணும் கழிநீர்ப் பரப்பு தெற்கே கடப்பாக்கத்தை அடுத்த ஆலம்பரைக் கோட்டைப் பகுதி வரை நீள்கிறது. இப்பகுதிக்கு இடைக்கழிநாடு என்று பெயர். சிறுபாணாற்றுப்படையின் ஆசிரியர் இடைக்கழிநாட்டு நல்லூர் நத்தத்தனார் என்னும் பெயரை இவ்வூரோடு இணைத்துக் கூறுவது வழக்கம். கழிகளுக்கு இடைப்பட்ட நிலம் என்ற பொருள் அப்பெயரிலேயே அடங்கியுள்ளது. நுண்ணலைத் தொலையுணர்வுக்கு இந்நிலம் தரும் இடர்ப்பாட்டை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல இயலாது.

2. எண் பிறக்கும் முறை

நுண்ணலைக் கதிர்வீச்சுமானி வெப்பநிலையையோ காற்றையோ மழையையோ நேரடியாக அளப்பதில்லை. புவிப்பரப்பும் வளிமண்டலமும் இயல்பாக உமிழும் மிக மெல்லிய நுண்ணலைக் கதிர்வீச்சு அதன் அலைவாங்கியில் விழுகிறது, மின்னழுத்தமாகிறது, ஓர் எண்ணாகப் பதிகிறது. வெப்பநிலை அறியப்பட்ட ஒரு வெம்பொருளையும், ஏறத்தாழ 2.7 கெல்வின் அளவிலுள்ள குளிர்விண்ணையும் உணரி இடையிடையே நோக்குகிறது. இவ்விரு புள்ளிகளையும் கொண்டு பதிவெண்ணை ‘ஒளிர்வு வெப்பநிலை’யாக மாற்றுவதே அளவுத்திருத்தம். அதன் பின்னரே ஒளிர்வு வெப்பநிலைகளிலிருந்து கடற்பரப்பு வெப்பம், காற்றின் வேகம், நீராவி, மேகநீர் ஆகியவற்றைக் கணித்தெடுக்கும் படி தொடங்குகிறது. ஒவ்வொரு படியிலும் ஓர் ஊகம் உண்டு. ஊகந்தோறும் பிழைக்கு இடமுண்டு.

கடல்நீரின் நுண்ணலை உமிழ்திறன் குறைவு. நிலத்தின் உமிழ்திறன் மிகுதி. எனவே ஒரே வெப்பநிலையில் இருந்தாலும் கடல் குளிர்ந்தும் நிலம் வெம்மையாகவும் உணரிக்குத் தோன்றும். ஓர் எடுத்துக்காட்டு: குறைந்த அதிர்வெண் ஒன்றில் கடலின் ஒளிர்வு வெப்பநிலை 150 கெல்வின், நிலத்தின் ஒளிர்வு வெப்பநிலை 280 கெல்வின் எனக் கொள்வோம். உணரியின் பார்வைத்தடத்தில் நூற்றுக்கு ஐந்து பங்கு மட்டும் நிலம் புகுந்தால் கிடைக்கும் அளவு 156.5 கெல்வின் ஆகும். கடற்பரப்பு வெப்பம் ஒரு டிகிரி மாறினால் ஒளிர்வு வெப்பநிலை ஏறத்தாழ அரை கெல்வினே மாறும். ஆகவே அந்த 6.5 கெல்வின் மிகை, கடல் வெப்பக் கணிப்பைப் பத்து டிகிரிக்கும் மேல் பிறழச் செய்துவிடும். இத்தகைய எண்ணை எவரும் நம்பமாட்டார்கள் என்பதே இதிலுள்ள ஒரே ஆறுதல். நூற்றுக்கு அரைப்பங்கு நிலம் புகுந்தால் விளையும் பிழை ஒரு டிகிரியை ஒட்டியது. அது நம்பத்தக்க எண்ணாகவே தோன்றும். ஆபத்து அங்குதான் உள்ளது.

பதப்படுத்தும் முறை முடிவையே மாற்றிவிடக்கூடும் என்பதற்கு உலகறிந்த சான்று ஒன்று உண்டு. 1978இன் இறுதி முதல் அமெரிக்க வானிலைச் செயற்கைக்கோள்களில் இருந்த நுண்ணலை ஒலிப்பு உணரிகளின் பதிவுகளை இணைத்து, வளிமண்டல வெப்பநிலை வரிசை ஒன்றை ராய் ஸ்பென்சர், ஜான் கிறிஸ்டி இருவரும் 1990இல் வெளியிட்டனர். அது தரை நிலையங்கள் காட்டிய அளவுக்கு வெப்ப உயர்வைக் காட்டவில்லை. செயற்கைக்கோளின் உயரம் சிறிது சிறிதாகக் குறைவதால் பொய்யான குளிர்ச்சி தோன்றுகிறது என்று ஃபிராங்க் வென்ட்ஸ், மத்தியாஸ் ஷாபெல் இருவரும் 1998இல் காட்டினர். நாள்பொழுதின் வெப்ப மாற்றத்துக்கான திருத்தத்திலும் பிழை இருப்பதைக் கார்ல் மியர்ஸ், வென்ட்ஸ் இருவரும் 2005இல் சுட்டினர், வரிசை திருத்தப்பட்டது. உணரி பழுதடையவில்லை. அதன் எண்களைக் கையாண்ட கணக்கிலேயே பிழை இருந்தது.

3. பாஸ்கரா முதல் ஓஷன்சாட் வரை

1979 ஜூன் 7 அன்று சோவியத் ஒன்றியத்தின் கபுஸ்தின் யார் ஏவுதளத்திலிருந்து பாஸ்கரா-1 ஏவப்பட்டது. அகமதாபாத் விண்வெளிப் பயன்பாட்டு மையம் உருவாக்கிய சமீர் என்னும் நுண்ணலைக் கதிர்வீச்சுமானி அதில் இடம்பெற்றது. 19, 22 கிகாஹெர்ட்சுகளை ஒட்டிய இரு அதிர்வெண்களில் அது இயங்கியது. 1981 நவம்பர் 20 அன்று சென்ற பாஸ்கரா-2 மூன்றாவதாக 31 கிகாஹெர்ட்சை ஒட்டிய ஓர் அதிர்வெண்ணையும் சேர்த்துக்கொண்டது. சமீரின் பார்வைத்தடம் நூறு கிலோமீட்டர் அளவிலானது. நடுக்கடலின் நீராவியை அறிய அது போதும். ஒரு கரையோர வட்டத்தை அறிய அது உதவாது. எனினும் பதிவெண்ணிலிருந்து ஒளிர்வு வெப்பநிலைக்கும், அதிலிருந்து சூழல் அளவைக்கும் செல்லும் பாதையை இந்திய அறிவியலாளர்கள் தம் சொந்த உணரியைக் கொண்டு முதன்முதலில் கடந்தது அப்போதுதான். அவ்வாண்டே பருவக்காற்றை ஆராயும் மோனெக்ஸ் என்னும் பன்னாட்டுக் களப்பணியும் நடைபெற்றது நோக்கத்தக்கது.

அதன் பின் நீண்ட இடைவெளி. இந்தியத் தொலையுணர்வுச் செயற்கைக்கோள்கள் ஒளியியல் கருவிகளையே முதன்மையாகச் சுமந்தன. 1999 மே 26 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து பிஎஸ்எல்வி-சி2 ஏவிய ஓஷன்சாட்-1 இந்நிலையை மாற்றியது. அதிலிருந்த எம்எஸ்எம்ஆர் என்னும் பல்லதிர்வெண் வருடு கதிர்வீச்சுமானி 6.6, 10.65, 18, 21 கிகாஹெர்ட்சு ஆகிய நான்கு அதிர்வெண்களில், ஒவ்வொன்றிலும் இரு முனைவாக்கங்களில் அளந்தது. கடற்பரப்பு வெப்பம், காற்றின் வேகம், நீராவி, மேகநீர் ஆகிய நான்கும் அதன் விளைபொருள்கள். அவை 150, 75, 50 கிலோமீட்டர்க் கட்டங்களில் வழங்கப்பட்டன. கடல் வெப்பத்துக்கு இன்றியமையாத 6.6 கிகாஹெர்ட்சு மிகப்பெரிய கட்டத்தில் மட்டுமே அமைந்தது.

அந்தக் கட்டத்தைக் கிழக்குக் கடற்கரைச் சாலையின் மீது வைத்துப் பார்த்தால் அதன் பொருள் விளங்கும். சென்னைக்கும் புதுச்சேரிக்கும் இடைப்பட்ட தொலைவு ஏறத்தாழ 150 கிலோமீட்டர். மாமல்லபுரம், கல்பாக்கம், செய்யூர், மரக்காணம் யாவும் ஒரே எண்ணுக்குள் அடங்கிவிடும். அந்த எண்ணிலும் நிலத்தின் கலப்பு இருப்பதால் அது கடலுக்கும் உரியதன்று, நிலத்துக்கும் உரியதன்று. எனவே கரையை ஒட்டிய கட்டங்களைத் தரவிலிருந்து விலக்குவதே எங்கும் பின்பற்றப்படும் நடைமுறை. பதப்படுத்துவோரின் பார்வையில் இது முற்றிலும் நேர்மையான செயல். ஆனால் விலக்கப்பட்ட அந்தப் பட்டைக்குள்தான் கண்ணாடியிழைப் படகில் விடியுமுன் சென்று அன்றே திரும்பும் கடலோர மீனவர் தொழில் செய்கின்றனர். அகச்சிவப்பு உணரிகள் கரையை அணுக்கமாகக் காணும். மேகம் சூழ்ந்தால் அவற்றுக்குக் கடல் தெரியாது. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் இவ்விரு குறைகளும் ஒரே நாளில் ஒரே கடற்பட்டையில் கூடிவிடுகின்றன.

4. மிதவையின் சான்று

எம்எஸ்எம்ஆர் தரவு வெளிவந்த காலம் ஒரு வகையில் நற்காலம். 1993இல் தொடங்கப்பெற்ற சென்னைத் தேசியக் கடல்சார் தொழில்நுட்பக் கழகம், தொண்ணூறுகளின் பிற்பகுதியில் தேசியத் தரவு மிதவைத் திட்டத்தின் கீழ் வங்கக்கடலிலும் அரபிக்கடலிலும் மிதவைகளை நிறுவியிருந்தது. 1999 ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் போப்மெக்ஸ் என்னும் வங்கக்கடல் பருவக்காற்று ஆய்வும் சாகர் கன்யா, சாகர்த்வனி ஆகிய கப்பல்களைக் கொண்டு நிகழ்ந்தது. ஓஷன்சாட் ஏவப்பட்டு மூன்று மாதங்கள் நிறைவதற்குள் அதன் கீழே கடலில் அளவெடுக்கும் கண்கள் இருந்தன. எம்எஸ்எம்ஆர் கணிப்புகள் மிதவைப் பதிவுகளோடும், அமெரிக்க எஸ்எஸ்எம்/ஐ, டிஎம்ஐ உணரிகளின் கணிப்புகளோடும் ஒப்பிடப்பட்டன.

இவ்விருவகை ஒப்பீடுகளும் ஒன்றல்ல என்பதை வலியுறுத்த வேண்டும். ஒரு செயற்கைக்கோளை மற்றொரு செயற்கைக்கோளோடு ஒப்பிட்டால் ஒற்றுமை எளிதில் கிடைக்கும். இரண்டும் ஒரே இயற்பியல் ஊகத்தைப் பகிர்ந்துகொள்வதால் ஒரே பக்கம் பிழைபடவும் கூடும். மிதவையின் ஊகங்கள் வேறு. ஆயினும் மிதவையைத் ‘தரை உண்மை’ என்று தயக்கமின்றி அழைப்பதும் முறையன்று. நுண்ணலை உணரி அறிவது நீர்ப்பரப்பின் மேல் மில்லிமீட்டர் அளவிலான படலத்தை. மிதவையின் வெப்பமானி இருப்பதோ அதற்கும் கீழே. காற்றில்லாத நண்பகலில் இவ்விரண்டுக்கும் இடையே உண்மையாகவே வேறுபாடு உண்டு. மிதவையின் காற்றுமானி கடல்மட்டத்திலிருந்து சில மீட்டர் உயரத்தில் இருக்க, செயற்கைக்கோள் காற்று 10 மீட்டர் உயரத்துக்குக் கணிக்கப்படுகிறது. உயரத் திருத்தம் செய்யாமல் ஒப்பிட்டால் இல்லாத பிழை தோன்றும். இருக்கும் பிழை மறைவதும் உண்டு.

மிதவைக்கு வேறொரு வாழ்க்கையும் உண்டு. அதன் நிழலில் மீன் கூடும். மீன் கூடும் இடத்துக்குப் படகு வரும். மிதவையில் படகைக் கட்டுவதாலும் வலை சிக்குவதாலும் நங்கூரக் கயிறும் உணரிகளும் சேதமடைவது இத்திட்டம் தொடக்கம் முதல் எதிர்கொண்டுவரும் சிக்கல். மீனவரைக் குற்றஞ்சாட்டிவிட்டு நகர்வது எளிது. ஆனால் செயற்கைக்கோள் தரவின் கரைப்பட்டையில் தமக்குரிய எண் எதுவும் இல்லாதவர்கள், அத்தரவைச் சரிபார்க்கும் கருவியைப் பாதுகாக்க வேண்டும் என்று எதிர்பார்க்கப்படுகிறார்கள் என்னும் முரணையும் சேர்த்தே நோக்க வேண்டும்.

காற்றைப் பொறுத்தவரை வரலாறு சற்று விரைவாக முன்னேறியது. 2009 செப்டம்பர் 23 அன்று ஏவப்பட்ட ஓஷன்சாட்-2, கேயு பட்டைச் சிதறல்மானியைச் சுமந்தது. அது 2014 பிப்ரவரியில் செயலிழந்தது. 2016 செப்டம்பர் 26 அன்று ஸ்காட்சாட்-1 செல்லும் வரை இந்தியச் சிதறல்மானி வரிசையில் இடைவெளி இருந்தது. 2022 நவம்பர் 26 அன்று ஓஷன்சாட்-3 ஏவப்பட்டது. இரண்டு வாரத்துக்குள், டிசம்பர் 9 நள்ளிரவை ஒட்டி, மாண்டஸ் புயல் மாமல்லபுரம் அருகே கரையைக் கடந்தது. நடுக்கடலில் புயலின் காற்றமைப்பை அறியச் சிதறல்மானி பேருதவி. ஆனால் கேயு பட்டை அலையை மழைத்துளி சிதறடிக்கும். புயலின் மையத்தில் மழை மிகுதி. கரையை நெருங்கினால் நிலக்கலப்பு. புயல் கரையேறும் கடைசி மணிகளில் கரையோர ரேடாரும் காற்றுமானியுமே எஞ்சுகின்றன.

5. மழையும் நாளின் எல்லையும்

2011 அக்டோபர் 12 அன்று இந்தியாவும் பிரான்சும் இணைந்து ஏவிய மேகா-டிராபிக்ஸ், நிலநடுக்கோட்டுக்கு 20 டிகிரி சாய்வான பாதையில் வெப்பமண்டலத்தை ஒரே நாளில் பலமுறை கடந்தது. அதன் முதன்மை மழை உணரிக்கு மெட்ராஸ் என்று பெயர். நீண்ட ஆங்கிலப் பெயரொன்றின் முதலெழுத்துகளால் ஆன சொல் அது. சென்னை தன் பழைய ஆங்கிலப் பெயரைக் கைவிட்டுப் பதினைந்து ஆண்டுகள் கழிந்தபின் அப்பெயர் விண்ணுக்குச் சென்றது. அவ்வுணரியில் அலைவரிசைத் தரவுகள் ஒன்றோடொன்று கலக்கும் கோளாறு கண்டறியப்பட்டு, கணினி நெறிமுறையால் பிரித்தெடுக்க முயன்றனர். 2013 ஜனவரியில் சுழல் பொறியமைப்புப் பழுதால் அது செயல்படுவது நின்றது. ஈரப்பதத்தை அளந்த சஃபீர் உணரி அதற்குப் பின்னும் பல்லாண்டுகள் பயன்பட்டது.

மழைக் கணிப்பில் கரை ஒரு தனித்தன்மையான பிளவை உண்டாக்குகிறது. கடலின் மேல், குளிர்ந்து தோன்றும் பின்புலத்தில் மழைத்துளிகளின் உமிழ்வு வெம்மையாகத் தெரியும்; அதைக் கொண்டு மழையை நேரடியாகக் கணிக்கலாம். நிலமோ தானே வெம்மையாகத் தோன்றுவதால் இவ்வழி அங்கே அடைபடுகிறது. நிலத்தின் மேல், மேகத்தின் உச்சியிலுள்ள பனித்துகள்கள் உயர் அதிர்வெண் அலைகளைச் சிதறடிப்பதைக் கொண்டே மழை ஊகிக்கப்படுகிறது. ஒரே மழைமேகம் முட்டுக்காட்டிலோ கடப்பாக்கத்திலோ கரையைக் கடக்கும் கணத்தில், அதை அளக்கும் இயற்பியலே மாறிவிடுகிறது. மேகம் தாழ்வானதாக, பனி குறைந்ததாக இருந்தால் நிலத்தின் மேல் அதன் மழை குறைவாகவே கணிக்கப்படும். வடகிழக்குப் பருவக்காலத்தில் கடலிலிருந்து வந்து கரையில் கொட்டும் மழையில் இவ்வகை மேகங்களுக்கும் பங்குண்டு.

2015 டிசம்பர் 1 மழையை இந்நோக்கில் மீண்டும் பார்க்க வேண்டும். தாம்பரத்தில் 24 மணிநேரத்தில் 49 செ.மீ., செம்பரம்பாக்கத்தில் 47 செ.மீ. பதிவானது. இந்திய வானிலை ஆய்வுத் துறையின் மழைநாள் காலை 8.30 மணிக்குத் தொடங்கி மறுநாள் காலை 8.30 மணிக்கு முடிகிறது; முடியும் நாளின் தேதியே பதிவேட்டில் ஏறும். ஆகவே மக்கள் டிசம்பர் 1 என நினைவுகூரும் மழை பதிவேட்டில் டிசம்பர் 2 ஆகிறது. செயற்கைக்கோள் நாள் உலகப்பொது நேரப்படி, அதாவது இந்திய நேரம் காலை 5.30 மணிக்கு, தொடங்குகிறது. இரண்டுக்கும் மூன்று மணிநேர இடைவெளி. கோரமண்டல் கரையில் பின்னிரவும் விடியலும் மழை வலுக்கும் பொழுதுகள் என்பதால், அந்த மூன்று மணிநேரம் வெற்று நேரமன்று. இதைக் கருதாமல் தேதியோடு தேதி பொருத்தும் ஆய்வு, உணரியின் பிழையை அளப்பதாக எண்ணி நாட்காட்டியின் பிழையை அளந்துகொண்டிருக்கும்.

பரப்பு வேறுபாடும் உண்டு. வழக்கமான மழைமானி ஒன்றின் வாய்ப்பரப்பு 200 சதுர சென்டிமீட்டர். பத்துக்குப் பத்து கிலோமீட்டர் கொண்ட செயற்கைக்கோள் கட்டம் அதைப்போல் 500 கோடி மடங்கு பெரியது. ஒரு வட்டத்தில் ஒன்றிரண்டு மழைமானிகளே இருக்க, அவற்றைக் கொண்டு கட்டத்தின் எண்ணைப் பொய் என்றோ மெய் என்றோ தீர்ப்பது கடினம். எனினும் சென்னையில் 1813 முதல் தொடரும் மழைப்பதிவு போன்ற நெடுவரிசை எந்தச் செயற்கைக்கோளிடமும் இல்லை. ஓர் உணரி சில ஆண்டுகளே வாழும். அடுத்த உணரியோடு அதை இணைக்கும்போது இடையில் அசையாமல் நிற்பது மழைமானிதான்.

6. நான்கு கருமைகள்

செய்யூரின் நிலவமைப்பைப் பிரித்துக் காணும் அளவுக்கு நுணுக்கமானது செயற்கைத் துளை ரேடார். 2012 ஏப்ரல் 26 அன்று ஏவப்பட்ட ரிசாட்-1 இந்தியா உருவாக்கிய சி பட்டை ரேடாரைச் சுமந்தது. 2014 ஏப்ரலில் சென்ற ஐரோப்பாவின் சென்டினல்-1ஏ தன் தரவைக் கட்டணமின்றி வழங்கியதால், பல்கலைக்கழகத் துறைகளிலும் இவ்வாய்வு பரவியது. 2022 பிப்ரவரி 14 முதல் இஓஎஸ்-04 ரிசாட் வரிசையைத் தொடர்கிறது.

அமைதியான நீர்ப்பரப்பு ரேடார் அலையைக் கண்ணாடிபோல் வேறுபக்கம் திருப்பிவிடுவதால் படிமத்தில் கருமையாகத் தெரியும். செய்யூர்ப் பகுதியில் ஏரி கருமை; கழி கருமை; நீர் பாய்ச்சிய உப்புப் பாத்தி கருமை; நடவுக்காக நீர் தேக்கிய வயலும் கருமை. ஒற்றை நாள் படிமம் இந்நான்கையும் வேறுபடுத்தாது. காற்று வீசி அலை எழுந்தால் ஏரி வெளிறும். நீர்த்தாவரம் படர்ந்தால் ஏரியின் ஒரு பகுதி நிலம்போல் தெரியும். வேறுபாடு காலத்தில்தான் புலப்படும். வயல் நடவின்போது கருமையாக இருந்து பயிர் வளர வளர வெளிறுகிறது. உப்புப் பாத்தி கோடையில் நீர் பாய்ச்சுவதும் காய்வதுமாக மாறும். மழைக்காலத்தில் முழுகிக் கிடக்கும். இம்முறைகளை அறிந்தவர் உப்பளத் தொழிலாளரும் ஏரிப்பாசன உழவரும். அவர்களைக் கேளாமல் வரையப்படும் வகைப்பாடு, உப்பளத்தை நெல்வயலாகக் கணக்கிடும் வாய்ப்பு மிகுதி.

இக்கணக்கில் பணமும் உண்டு. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம், பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிறுவனம் முதலியவற்றோடு ரைஸ் எனும் திட்டத்தில் இணைந்து, ரேடார்ப் படிமங்களின் காலவரிசையைக் கொண்டு தமிழகத்தின் நெற்பரப்பை வரைந்தது. வயல்களில் நேரில் எடுத்த புள்ளிகளால் அவ்வரைபடங்களைச் சரிபார்த்தது. 2016ஆம் ஆண்டு வடகிழக்குப் பருவமழை தமிழகத்தில் இயல்பைவிட 62 விழுக்காடு குறைந்தபோது, விதைக்க முடியாத பரப்பை அறியவும் பயிர்க்காப்பீட்டு இழப்பை மதிப்பிடவும் இத்தகைய தரவு பயன்பட்டது. கடல் வெப்பத்தில் ஒரு டிகிரி பிழை ஆய்வுக்கட்டுரையில் ஒரு வரியாகும். நெற்பரப்பில் பிழை ஓர் உழவர் குடும்பத்தின் இழப்பீடாகும். அப்பிழையின் அளவு பெரும்பாலும் மாநிலம் முழுமைக்கும் ஒரே சராசரித் துல்லியமாகவே கூறப்படுகிறது. உப்பளமும் கழியும் வயலும் நெருங்கி நிற்கும் கரையோர வட்டங்களுக்குத் துல்லியத்தைத் தனியே கணக்கிட்டு வெளியிடுவதே முறையாகும். சமவெளி வட்டங்களின் எளிய நிலவமைப்பு தரும் நற்சான்றிதழ் இடைக்கழிநாட்டுக்குப் பொருந்தாது.

2025 ஜூலை 30 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்ட நிசார், எல் பட்டை, எஸ் பட்டை ஆகிய இரு ரேடார்களைச் சுமந்து, 12 நாளுக்கு ஒருமுறை அதே பாதைக்குத் திரும்புகிறது. அதன் எல் பட்டை அலைநீளம் ஏறத்தாழ 24 செ.மீ. அது செடிகளின் ஊடே புகுந்து, கீழே தேங்கிய நீரிலும் தண்டிலும் இருமுறை பட்டுத் திரும்பும். சி பட்டையில் நிலம்போல் வெளிறித் தெரிந்த, நீர்த்தாவரம் மண்டிய ஏரிப்பகுதியும் நீர் நின்ற பயிர்நிலமும் எல் பட்டையில் மேலும் மிகையாக ஒளிரக்கூடும். சி பட்டைக்கென எடுத்த வயற்புள்ளிகளில் நீர் நின்றதா, தாவரம் நின்றதா, இரண்டும் நின்றனவா என்னும் குறிப்பு இருந்தால் மட்டுமே அவை புதிய தரவுக்கும் உதவும். ‘நீர்’ என்ற ஒற்றைச் சொல்லோடு பதிந்த புள்ளிகளுக்காக மீண்டும் களத்துக்குச் செல்ல வேண்டியிருக்கும்.